மணி அடிக்காமல் திறந்த மதகு

ஞாயிறு காலை ஏழரைக்கு ஈப்போவில் ரயில் ஏறினேன். தஞ்சோங் ரம்புத்தானுக்கு முப்பது காசு. அங்கிருந்து, ஈயம் தோண்டும் லம்பத்துக்குத் தண்ணீர் தரும் அணைக்கு இரண்டு மைல் நடை; வேடிக்கை பார்க்கத்தான் போனேன். நான் துணிக்கடைச் சிப்பந்தி. அன்று மட்டும் முதலாளி கழித்துப்போட்ட வெள்ளைத் தொப்பியும் சப்பாத்தும் போட்டிருந்தேன். அந்தத் தொப்பிதான் வினையாகிவிட்டது.

அணைக் காவல்காரர் முனியாண்டி என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். துரை அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. அந்த மரியாதை எனக்கு இனித்தது.

மழைநீரைத் தேக்கி, வறட்சியில் லம்பத்துக்கு விடுகிறார்கள். பெருமழையில் வெள்ளம் தோட்டத்து லய வீடுகளுக்குள் புகாமல் தடுப்பதும் இந்த அணைதான். நீருக்குள் நிற்கும் கம்பத்தில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். தூக்குமுன், மரத்தில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை மூன்று முறை அடித்து, ஆற்றில் இருப்பவர்கள் கரையேறும்வரை பொறுக்க வேண்டும். மூடியபின் ஒரு முறை அடிக்க வேண்டும்.

தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழேதான் இருந்தது. "ஒரு பலகையத் தூக்கு, பாப்போம்" என்றேன். என்னைவிட இருபது வயது மூத்தவரை ஒருமையில் ஏவினேன்.

"மணி அடிச்சிட்டுத் தூக்குறேங்கய்யா. கீழ பொம்பளைங்க ஈயம் அலசுறாங்க. ஏறி வரக் கா மணி நேரம் ஆகும்."

"எனக்குப் பத்தரைக்கு ரயில். ஒரு பலகதான, ஒண்ணும் ஆவாது."

அவர் ஆற்றைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார், தூக்கினார். தண்ணீர் பாய்ந்தது அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே அலறல் கேட்டது.

அவர் பலகையை இறக்கியதும் இருவரும் ஓடினோம். லெட்சுமி என்ற பெண் ஒரு வேரைப் பிடித்துக் கரையேறியிருந்தாள். முழங்காலில் ரத்தம். ஈயம் அலசும் மரத்தட்டு ஆற்றோடு போய்விட்டது. அதற்குள் லம்பத்துக் கங்காணியும் வந்துவிட்டார்.

"மணி அடிக்காம எவன்டா தொறந்தது?"

முனியாண்டி என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்துட்டேங்க."

"நாளையிலேருந்து வேலைக்கு வராத."

நான் வாயைத் திறந்திருந்தால் போதும். கடையில் துணி கிழித்துக் கொடுப்பவன் என்று தெரிந்துவிடுமே என்று பேசாமல் நின்றேன். "அண்ணே ஒருநாளும் மறந்ததில்லையே" என்று சொன்ன லெட்சுமி என்னையே பார்த்தாள். எனக்கு மானமே போயிற்று. இருந்தும் நடையைக் கட்டினேன்.

அரை மைல் வந்திருப்பேன். பின்னால் தண்டவாளம் ஒரு முறை ஒலித்தது. வேலை போனபின்னும் அவர் மூடிய மதகுக்கு மணி அடிக்கிறார்.

ஸ்டேஷனில் பத்தரை ரயில் கால் மணி நேரம் தாமதம் என்றார்கள். திரும்பிப் போய் உண்மையைச் சொல்ல அந்த நேரம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.