கத்திரியக்கா கழற்றிய பியூஸ்

சோபாவுக்கு உறை மாற்றும் பட்டறையில் பத்தொன்பது வருடமாகத் துணி வெட்டுகிறவர் என்பதால் எங்கள் தெருவில் அவருக்குக் கத்திரியக்கா என்று பெயர். வாயும் அப்படித்தான் என்பவர்கள் உண்டு. அவர் காதுபடச் சொல்லமாட்டார்கள்.

பட்டறை அவருடைய அப்பா தொடங்கியது. அப்பா போனபின் அது அண்ணன் கைக்கு வந்தது. கீழே பட்டறை, மேலே வீடு. ஒருநாள், தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர், அறுபது நாற்காலிக்கு உறை மாற்ற எத்தனை நாளாகும் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் குறுக்கே வந்து, "அவளுக்கு வெட்டத்தான் தெரியும். யாவாரம் என்கிட்ட பேசுங்க" என்றார். விடுதிக்காரர் சிரித்தார். வேலையாட்களும் சிரித்தார்கள். அந்த வாரமே அக்கா, இணையம் வழியாகச் சொல்லித்தரும் மூன்று மாத வியாபாரப் படிப்பில் சேர்ந்துவிட்டார்.

படிப்பு நடத்துகிறவர்கள் ஒரு கடிதம் அனுப்பினார்கள். கேமராவும் மைக்கும் உள்ள கணினி வேண்டும். நடுவில் அறுந்துபோகாத இணைப்பு வேண்டும், முடிந்தால் வயர் மூலம். சத்தமில்லாத அறை வேண்டும். பதினான்காம் தேதி காலை பதினோரு மணிக்கு அவர்களுடைய ஆள் ஒருவர் வீடியோவில் வந்து சோதித்துப் பார்ப்பார். தேறாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"நாப்பத்தாறு வயசுல கம்ப்யூட்டர் கிளாஸா? ஊரே சிரிக்கும்" என்றார் அண்ணன்.

"சிரிச்சு முடிச்சிட்டாங்கண்ணே. நீ அன்னிக்கே சிரிக்க வச்சிட்டியே" என்றார் அக்கா.

அக்காவின் மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. திறந்தால் ஆட்டுக்கல் போல உறுமும். கால் மணி நேரத்தில் சூடேறித் தானே அணைந்துவிடும். ரிப்பேர் கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "புதுசு வாங்கிடுங்கம்மா. இதைக் கழட்டினா மாட்ட முடியாது" என்றார்.

"உங்களால முடியாதா, யாராலயும் முடியாதா?"

அக்கா கடையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வெட்டுமேசையில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய திருகாணிகளை எடுத்த வரிசையிலேயே அடுக்கினார். விசிறிக்குள் பஞ்சு மாதிரித் தூசி. பெயிண்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுத்து, மறுபடி எல்லாவற்றையும் பூட்டினார். ஒரு திருகாணி மிச்சமானது. மீண்டும் கழற்றி, அதன் இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிடப் போனார். உறுமல் நின்றது. பேட்டரி மட்டும் தேறவில்லை. எப்போதும் மின்சாரத்தில் செருகியே வைக்கவேண்டும். பிறகு ஒரு மத்தியானம் முழுக்க, விட்டுப்போன அப்டேட்களை எல்லாம் ஏற்றினார்.

அடுத்தது இணைப்பு. லைன்காரர் வந்து வாசல் அறையில் இணையப் பெட்டியை மாட்டினார். அக்கா படிக்கத் தேர்ந்தெடுத்ததோ மாடியின் கடைசியில் இருந்த ஃபோம் போட்டுவைக்கும் அறை. அதுவரை வைஃபை எட்டவில்லை.

"வீட்டுக்குள்ள இழுக்கிறது எங்க வேலை இல்லீங்க" என்று லைன்காரர் கிளம்பிவிட்டார்.

கேபிளை அக்காவே வாங்கினார். கான்வாஸ் துண்டுகளைச் சின்னச் சின்ன வளையங்களாகத் தைத்து, அவற்றைச் சுவரோரமாக ஆணியடித்து, அவற்றுக்குள் கேபிளை நுழைத்து அறைவரை கொண்டுபோனார். மிச்சமிருந்த ஃபோம் பலகைகளைச் சுவரிலும் கதவிலும் ஒட்டினார். கதவைச் சாத்தினால் தன் மூச்சே தனக்குக் கேட்டது.

ஒன்றை மட்டும் அவரால் ஒட்டி அடக்க முடியவில்லை. கீழே, துணியைச் சோபா சட்டத்தில் அடிக்கிற ஆணித் துப்பாக்கிக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் வீட்டு விளக்குகள் மங்கும். இணையப் பெட்டியும் மடிக்கணினியும் அணைந்துவிடும்.

பதின்மூன்றாம் தேதி அண்ணனிடம் கேட்டார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு அரை மணி நேரம் நிறுத்துண்ணே."

"உன் விளையாட்டுக்கு என் வேலையை நிறுத்தணுமா? ஒரு நிமிஷம்கூட நிறுத்த மாட்டேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா கீழே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நேராக மீட்டர் பெட்டிக்குப் போய், மெயினை இறக்கி, பட்டறையின் பியூஸ் கட்டையை மட்டும் உருவிக் கைப்பையில் போட்டார். மெயினை மறுபடி ஏற்றிவிட்டு மேலே போனார். பட்டறை சட்டென்று அடங்கியது. அண்ணன் படியேறி வந்து கதவைத் தட்டினார். ஃபோம் ஒட்டிய கதவுக்கு உள்ளே அது தலையணையைக் குத்துகிற சத்தமாகத்தான் வந்தது.

திரையில் தெரிந்த இளைஞர் கேமராவையும் மைக்கையும் வேகத்தையும் பார்த்து முடித்தார். "பின்னாடி ஏதோ லேசா சத்தம் வருதே மேடம்?"

"எங்க அண்ணன். கொஞ்ச நேரத்துல ஓய்ஞ்சிடுவார்."

இளைஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எல்லாம் சரியா இருக்கு. செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்" என்றார்.

கதவைத் திறந்ததும் அண்ணன் கத்தினார். "யாரைக் கேட்டு பியூஸைப் புடுங்கினே?"

"நேத்து கேட்டேனே, உன்னைத்தான்." அக்கா கட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தார். "செவ்வாய், வியாழன் சாயந்திரம் ஆறுலேர்ந்து எட்டுவரை கம்ப்ரசர் ஓடக்கூடாது."

"ஓட்டினா என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். துணிகூட வெட்ட மாட்டேன்."

கீழே ஒன்பது சோபாக்கள் எலும்புக்கூடாக நின்றன. அண்ணனுக்குக் கத்தரிக்கோலை நேராகப் பிடிக்கக்கூடத் தெரியாது என்பது இருவருக்குமே தெரியும். முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வேலையாட்கள் கையால் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் திரையில் முப்பது முகங்கள். முக்கால்வாசியும் அக்காவின் மகள் வயது. கூச்சமாக இருப்பவர்கள் கேமராவை அணைத்துக்கொள்ளலாம் என்றார் ஆசிரியை. ஒவ்வொரு கட்டமாக இருண்டது. அக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பின் முதல் கேள்வியைக் கேட்டார்.