போடலாமுங்களா?

நீலகிரி எமரால்டில் தனபாக்கியத்தின் குரல் இல்லாமல் கேரட் கழுவும் டிரம் சுற்றியதில்லை. மூட்டையைக் கொட்டியதும் சுவிட்ச் பக்கம் நிற்பவன் "போடலாமா?" என்பான். யார் கையும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு அவள் "போடு!" என்று கத்துவாள். அணைக்கட்டு வரை கேட்கும். கேட்காமல் சுவிட்சைத் தொட்டவனுக்கு அன்றைக்கு டீ இல்லை, வசவுதான். போன தை வரை அப்படி.

பெரிய உடம்பு. அதைப் பற்றிய கேலியை அவளே முதலில் சொல்லிவிடுவாள். மற்றவர்களுக்கு மிச்சம் வைப்பதில்லை. ஆனால் இடுப்பு வலி காலுக்கு இறங்கி, மலைக்குக் கீழே ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போன அன்று வாய் அடைத்துப் போயிற்று. அங்கிருந்த எடை மிஷின் அவளைத் தாங்கவில்லை. "காய்கறி மண்டியில மூட்டை நிறுக்கற தராசு இருக்கும், அதுல நின்னு பார்த்துட்டு வாங்க" என்றான் ஒருவன், வரிசை முழுக்கக் கேட்க. யாரோ சிரித்தார்கள். ஊர் திரும்பியவள் வலியோடுதான் கேரட் கழுவினாள். ஸ்கேன் என்று யாராவது பேச்செடுத்தால், "நான் மூட்டையில்ல" என்பாள்.

மகள் மஞ்சு ஆஸ்பத்திரி மிஷின்களைப் பொருத்தும் என்ஜினியர். குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வாய் அகன்ற ஸ்கேன் மிஷின் வந்திறங்கியதும் போன் போட்டாள்.

"அம்மா! நம்ம டிரம்மு வாயை விட இது பெருசு. தையல் டேப் வெச்சு அளந்துட்டேன்."

"என்னைய அளக்க வேண்டாமா?"

"உன்னைய எதுக்கு அளக்கறது? மிஷினைத்தான் அளக்கோணும்."

"எந்தச் சேலை கட்டறது அம்மணி?" என்றாள் தனபாக்கியம்.

அங்கே எடைமேடை தரையோடு தரையாக இருந்தது. நம்பர் உள்ளறைத் திரையில் மட்டும். டெக்னீஷியன் சில்வஸ்டர் அதைப் பார்த்தான், வாய் திறக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, எத்தனை?"

"மிஷின் தாங்குமுங்கம்மா. எனக்கு அது போதும்."

கொடுத்த கவுன் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தது. அவளுக்கு அதுவே திருவிழா. மேசை உள்ளே நகர்ந்தது. தலை போயிற்று. தோள்தான் பயம். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தோளும் போயிற்று, எங்கேயும் உரசாமல்! ஒலிபெருக்கியில் சில்வஸ்டர் கேட்டான்:

"அம்மா, போடலாமுங்களா?"

"போடு!"

சில்வஸ்டர் காதைப் பொத்திக்கொண்டான். அவன் பக்கத்தில் நின்ற மஞ்சு சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்தது. மிஷின் தடதடவென்று அடித்தது.

வெளியே வந்ததும் தனபாக்கியம் கேட்டாள்: "இன்னொருக்கா போலாமுங்களா?"

நரம்பு நசுங்கியது தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. மறு போகத்துக்கு நின்றபடியே கேரட் கழுவினாள். டிரம்முக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் இசக்கியம்மாவுக்கு இவளை விடப் பெரிய உடம்பு, முதுகு வலி வேறு. "நம்பரை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க புள்ள, போயிட்டு வா" என்று தனபாக்கியம் தினமும் நச்சரித்தாள். இசக்கியம்மா அசையவில்லை. தை மாதம் தனபாக்கியம் மாரடைப்பில் போனாள்.

மாசியில் மஞ்சு மிஷினைச் சரிபார்க்க வந்திருந்தபோது, இசக்கியம்மா தனியாக பஸ் ஏறி வந்து நின்றாள். கவுன் சேர்ந்தது. தோள் உரசவில்லை.

"போடலாமுங்களா?" என்றான் சில்வஸ்டர்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மஞ்சு மேசையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது, எமரால்டு அணை வரை கேட்கும்படி:

"போடு!"