எதிர்த்தரப்போடு ஒரு டீ

செங்கல்பட்டு கோர்ட்டில் அந்நாளில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வழக்கு முடியும்வரை எதிர்த்தரப்பு வக்கீலோடு, கட்சிக்காரர் கண்ணில் படும்படி டீ குடிக்கக் கூடாது. குடித்தால் வக்கீல் விலை போய்விட்டார் என்று பேச்சாகிவிடும். எனக்கு அப்போது சொத்தென்று இருந்ததே நல்ல பெயர் ஒன்றுதான். பெண் வக்கீல் என்பதால் அதுவும் பாதிதான் கிடைத்திருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். என் கட்சிக்காரர், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் விற்கிற அம்மா. அப்பா விட்டுப்போன சவுக்குத் தோப்பில் தனக்கும் பாகம் வேண்டுமென்று அண்ணன் மேல் வழக்குப் போட்டிருந்தார். அண்ணனுக்கு வக்கீலாக வந்தவர்தான் என் எதிர்த்தரப்பு. சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நின்று, ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் அந்த அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாய்தா கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை காய்ச்சல் என்றார். சர்டிபிகேட் எங்கே என்று எழுந்து கேட்டேன். கோர்ட்டே சிரித்தது.

பிறகு ஒரு மழைநாள். என் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது, அந்த அம்மாவின் பஸ்ஸும் வரவில்லை. கூப்பிடும்போது வழக்குப் போட்டவர் தரப்பில் யாருமில்லை என்றால் தள்ளுபடிதான். அண்ணனின் வக்கீல் வாயே திறக்காமல் ஜெயித்திருக்கலாம். நனைந்த கவுனோடு நான் ஓடிப் போனபோது வழக்கு உயிரோடு இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலம்மா வந்துகொண்டிருக்கிறார், கடைசியில் கூப்பிடுங்கள் என்று அவரே எழுந்து கெஞ்சினாராம். கிளார்க் சொன்னார். அன்றோடு நான் தொலைந்தேன்.

நன்றி சொல்லக்கூட வழியில்லை. வெளியே வேப்பமரத்தடியில் அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தங்கை, இரண்டு பேரின் கண்ணும் எங்கள் மேல். சந்தேகம் வரக்கூடாதென்று முன்னைவிடக் கடுமையாகச் சண்டை போட்டோம். ஆனால் வழக்கு முடிந்துவிட்டால் அவரைப் பார்க்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது? அதனால் நானே வாய்தா கேட்க ஆரம்பித்தேன். பத்திர நகல் வரவில்லை என்பேன், சாட்சிக்கு உடம்பு சரியில்லை என்பேன். அவர் எழுந்து, "ஆட்சேபனை இல்லை" என்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்க மாதம் முழுக்கக் காத்திருந்தேன்.

"இன்னா வக்கீலம்மா, இன்னிக்கும் தள்ளிட்டாங்களா?" என்பார் அந்த அம்மா.

"அடுத்த தடவை முடிஞ்சிடும்மா" என்பேன், அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

இதற்கிடையில் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். கல்பாக்கத்தில் நல்ல வேலை. ஒரே நிபந்தனை, பெண் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்றார் அப்பா. புதன்கிழமை வாய்தா. அந்த ஒரு நாளில் எப்படியாவது சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை போனால், வேப்பமரத்தடியில் அண்ணனும் தங்கையும் ஒரே டிபன் பாக்ஸில் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

"பேசி முடிச்சிக்கினோம் வக்கீலம்மா. மாசா மாசம் இங்க வந்து குந்திகினு கீறோமே, எத்தினி நாளு மூஞ்சியத் திருப்பிக்கினு இருக்கறது? ஆளுக்குப் பாதி" என்றார் அந்த அம்மா.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். இனி வாய்தா இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது. சமாதான மனுவில் நால்வரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு எதிரே நின்ற அவர் தன் பெயரை எழுத வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பதிவு செய்துவிடலாமா என்று நீதிபதி கேட்டார். நான் எழுந்து, அவகாசம் வேண்டும் என்றேன்.

"எதற்கம்மா?"

நான் கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினேன். நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"ஆட்சேபனை இல்லை" என்றார் அவர்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கட்சிக்காரர்களுக்கு இருக்கும்" என்று சொல்லி வழக்கை முடித்துவைத்தார்.

வெளியே வந்தபோது அவர் கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அந்தக் கேட்டைத் தாண்டினால் எனக்கு எல்லாமே முடிந்தது. டீக்கடையில் போய் நின்று, கோர்ட் வாசலுக்கே கேட்கும்படி, "ரெண்டு டீ" என்றேன். "சார், உங்களுக்கும் சேர்த்துத்தான்."

பழக்க தோஷம், அவர் முதலில் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு நிச்சயம்" என்றேன். "ஆட்சேபனை இருக்கா?"

"இருக்கு" என்றார். "சனிக்கிழமையே உங்க அப்பாவைப் பார்க்க வர்றேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு திரும்பினால் பின்னால் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். எங்களையும் எங்கள் கையிலிருந்த கிளாஸ்களையும் பார்த்தார்.

"இதுக்காம்மா எங்கள இத்தினி நாளு அலையவுட்ட?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு கூடை வஞ்சிர மீனோடு வந்தவரும் அந்த அம்மாதான். அந்தக் கேள்விக்கு அன்றும் நான் பதில் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.