சூசை அண்ணையின் நாற்பத்தெட்டு

“மாஸ்டர், நாப்பத்தெட்டிலை என்ன நடந்தது எண்டு கேட்டா என்ன சொல்லுறது?”

எண்பதுகளில் பாரிஸின் லா சப்பலில் என்னிடம் இப்படிக் கேட்ட சூசை அண்ணை நேற்று புறநகர் சார்செலில் காலமாகிவிட்டார். மகள் போன் எடுத்துச் சொன்னாள்...

இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த நாட்களில் எங்கள் அகதிக் கேஸ் எல்லாமே ஏறக்குறைய ஒரே வரியில்தான் தொடங்கும். 1948இல் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது... பிறகுதான் எங்கள் துன்பங்கள் வரிசையாக வரும்.

கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்த வாத்தியார் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போவார்கள். “மாடிப்படி மாதிரி நினையுங்கோ அண்ணை. சுதந்திரம் முதல் படி. அதிலை கால் வைச்சா மற்றது தானா வரும்” என்று சொல்லிக்கொடுத்தேன்.

“ஓம் ஓம்... படி” என்றார்.

அவர் அப்போது ஒரு ரெஸ்டாரன்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் மன்னாரில். கேஸ் சரிவந்தால்தான் அவர்களை இங்கே எடுக்கலாம்.

இன்டர்வியூவில் அதிகாரி மதாம் கேட்டார்: “உங்கள் கதை 1948இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு என்ன நடந்தது?”

அண்ணை கண்ணை மூடினார்.

“லண்டன் ஒலிம்பிக்ஸ். நானூறு மீட்டர் தடை தாண்டி ஓட்டம். எங்கட சிலோன்காரன் ரெண்டாவதா வந்தவன்!”

நான் சொல்லிக்கொடுத்தது இதுவல்ல. ஆனால் சொன்னதைத்தானே சொல்ல வேண்டும்... சொன்னேன்.

மதாமின் பேனா நின்றது. “எப்படி ஓடினார்?”

அண்ணை அந்த ஓட்டத்தைப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் மாதா கோயிலில் பூசை முடிய, சாமியார் ரேடியோச் செய்தியைச் சொல்லக் கேட்டதுதான். ஆனாலும் பார்த்தவர் போலச் சொன்னார். வெள்ளைக் கோடுகள்... பத்துத் தடைகள்... ஒவ்வொன்றின் மேலும் ஒரு கணம் காற்றிலேயே நின்றுவிடும் கால்... அவர் மெதுவாகத் தமிழில், நான் மெதுவாகப் பிரெஞ்சில். அந்தச் சின்ன அறைக்குள் ஒருவர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

“அவன் தமிழனும் இல்லை, மதாம். எண்டாலும் எங்கட ஆள் எண்டுதான் கோயில் வளவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினனாங்கள். பிறகெல்லோ எங்களைப் பாத்து ‘நீ ஆர்’ எண்டு கேக்கத் துவங்கினவை...”

மிச்சத்தைப் படி எதுவும் இல்லாமல் அவராகவே சொல்லி முடித்தார்.

திரும்பும்போது மெட்ரோவில் கேட்டார்: “கெடுத்துப்போட்டன் என்ன, மாஸ்டர்?”

எனக்கும் அப்படித்தான் பட்டது.

மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு கேஸ் சரிவந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

லா சப்பல் சனம் விடுமா? “நாங்கள் எல்லாரும் அழுது அகதிக் கார்ட் எடுத்தனாங்கள். சூசை அண்ணை ஓடி எடுத்தவர்!”

“ஓடினது அவன். கார்ட் எனக்கு” என்பார் அண்ணை.

அடுத்த குளிர்காலத்தில் அவர் மனைவி பிலோமினா அக்கா, மகளுக்குப் புதுக் குளிர்ச்சட்டை வாங்கிக்கொண்டு கடைத்தெருவில் போனதைப் பார்த்தேன். அண்ணை பின்னால், பைகளோடு...

போய் வாருங்கள் அண்ணை. ஆறுதலாக நடந்தே போங்கள்.

வாசிக்கிறவர்கள் ஏதாவது ஓர் ஆண்டைச் சொல்லிக் கண்ணை மூடுங்கள். முதலில் வருவதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.