அத்தையைப் பார்க்க வந்த பறக்காவெட்டி

கல்லூரியில் முதல் வருடம். பேராசைக்கு உங்கள் ஊர்ப் பேச்சில் என்ன சொல்வீர்கள் என்று தமிழாசிரியை கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்தக் கேள்விக்கும் கையைத் தூக்கிவிடுவேன். பறக்காவெட்டி என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கமாக இல்லை, அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள் நான். பண்டத் தட்டைக் கீழே வைப்பதற்குள் கை நீட்டுகிறேன் என்று அம்மா தினமும் ஒருமுறையாவது என்னை அப்படிக் கூப்பிடுவாள்.

பேராசை பெரிய மனிதர்களுக்கான சொல். நிலத்துக்கும் பதவிக்கும் அலைகிறவர்களை அப்படிச் சொல்லலாம். தின்பண்டத்தைக் கண்டதும் கை சும்மா இருக்காதவர்கள்தான் பறக்காவெட்டி. பெற்ற பிள்ளையைத் திட்டலாம், கூடப் பிறந்தவர்களைக் கேலி செய்யலாம். வீட்டுக்கு வந்த விருந்தாளியை மட்டும் அவர் தெருமுனை தாண்டும்வரை சொல்லக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. உறுவையாற்றில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை நல்ல உயரம், வாசலில் குனிந்துதான் நுழைவாள். அதுவரை அவளைப் பெண் பார்க்க மூன்று வீட்டார் வந்திருந்தார்கள். அவள் நிமிர்ந்து நின்றதும் மூன்று வீட்டாரும் தங்கள் பிள்ளையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் சொந்தத்தில் பெண் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். இல்லையென்றால் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அத்தை சுட்ட வாழைக்காய் பஜ்ஜியும் கிண்டிய கேசரியும் அப்படியே உள்ளே திரும்பும். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அத்தை அடுப்பு மேடையைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருப்பாள். நான் தின்பேன். மூன்று முறையும் எனக்குத் தீபாவளிதான். நிறையப் பேர் அத்தையைப் பார்க்க வர வேண்டும், யாரும் எதையும் தொடக்கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொள்வேன்.

நான்காவதாகத் திருக்கனூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இதுவும் கைகூடாவிட்டால் இனி யாரையும் வரச் சொல்லாதீர்கள் என்று அன்று காலையில் அத்தை அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. பஜ்ஜி நின்றுபோய்விடுமே.

அத்தை தட்டுகளை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, ஊருக்குப் போய், என்று ஆரம்பித்தார். நான் கதவோரமாக நின்று கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

அதற்குள் மாப்பிள்ளை ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்துவிட்டார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் பாட்டுக்குத் தின்றார். இன்னொன்றை எடுத்தார். தன் தட்டு காலியானதும் பக்கத்திலிருந்த தன் அம்மாவின் தட்டை இழுத்துக்கொண்டார். அதிலும் பாதி தீர்ந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, இந்த ஆளு பறக்காவெட்டிமா. எல்லாத்தையும் துன்றாரு."

அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா பதறி எழுந்து, குழந்தை தெரியாமல் பேசிவிட்டது என்று தடுமாறினார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை மட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆமா பாப்பா, பறக்காவெட்டிதான். உள்ள இன்னும் இருந்தா எடுத்துனு வா."

"இன்னாடா இது, ஒரு முடிவும் சொல்லாம?" என்று அவருடைய அம்மா பல்லைக் கடித்தார்.

"சொல்லிட்டுதாம்மா துன்றேன்."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். "உக்காரும்மா, அண்ணாந்து பாத்து கழுத்து வலிக்குது" என்று சொல்லிவிட்டு, கேசரியை விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கூட வந்தவர்களும் கை நீட்டினார்கள். அப்பா ஓடிப்போய் அம்மாவிடம் மறுபடி எண்ணெய் வைக்கச் சொன்னார். அந்த ஈடும் நேராகக் கூடத்துக்கே போனது.

அவர்களை பஸ் ஏற்றிவிட அப்பா போனதும் நான் உள்ளே ஓடினேன். தட்டுகள் காலி. மாவுச் சட்டியில்கூட ஒன்றும் இல்லை. அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கன்னமெல்லாம் ஈரம். எனக்கு மனது கேட்கவில்லை. காலையிலிருந்து சுட்டவள் அவள், அவளுக்கும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாத அத்த. அடுத்த வாட்டி வர்றவங்க துன்ன மாட்டாங்க."