வண்டியா, கையா

வீல்காரர் கடையில் ஒரு சக்கரம் சரியாக இருக்கிறது என்று பேலன்ஸ் மெஷின் சொன்னால் மட்டும் போதாது. அவர் மனைவியும் சொல்ல வேண்டும். புதுச் சக்கரம் மாட்டிய வண்டியை அவர் நேர்சாலையில் எண்பதில் விரட்டுவார். பக்கத்து சீட்டில் அவள் வலது உள்ளங்கையை டாஷ்போர்டில் பதித்து உட்கார்ந்திருப்பாள். இடது பின்சக்கரம் ஆடுகிறது என்பாள். கழற்றிப் பார்த்தால் குறை அங்கேதான் இருக்கும். டிரைவர்கள் அவளுக்கு 'மீட்டர் அக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். இப்படி ஒரு அக்கா இருக்கும்போது மெஷின் எதற்கு, தண்டம் என்று கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் கொள்ளை சந்தோஷம்.

அந்தக் கை நடுங்க ஆரம்பித்து ஒன்றரை வருஷமாகிறது. நரம்புக் கோளாறு, கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீல்காரர் நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் செய்கிற தப்பைத்தான் அவரும் செய்தார். டீ சிந்தினால் டம்ளர் வழுக்குகிறது என்றார். நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை என்றார். ஆடாத வண்டியை அவள் ஆடுகிறது என்றபோதுகூடச் சக்கரத்தைக் கழற்றி, மெஷினில் சும்மா ஒரு சுற்று விட்டு, நீ சொன்னது சரிதான் என்று திரும்ப மாட்டினார். எடையைச் சரிக்கட்டச் சக்கரத்தில் ஒட்டும் ஈயக்கட்டி ஒன்றைக்கூட அவர் தொடவில்லை என்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவரை உட்காரவைத்துக் கேட்டாள்.

"இனிமே என்கிட்ட பொய் சொல்லாதீங்க. கைதான்னா கைதான்னு சொல்லிடுங்க. நான் தாங்கிப்பேன்."

வீல்காரர் சரி என்று வாக்குக் கொடுத்தார்.

அடுத்த வாரம் காய்கறி ஏற்றும் டிரைவர் ஒருவர் தன் பிக்கப்புக்கு அகலமான அலாய் சக்கரம் நாலு வாங்கி வந்தார். வண்டிக் கம்பெனியின் சக்கரம் இல்லை. பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக வைத்துச் செய்தவை. அந்த ஓட்டைக்கும், சக்கரம் மாட்டுகிற அச்சு முனையான ஹப்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டால்தான் சக்கரம் மையத்தில் உட்காரும். வீல்காரர் டயர் ஏற்றி, மெஷினில் சுற்றி, உள்பக்கம் ஈயம் ஒட்டினார். நாலுக்கும் மெஷின் பூஜ்யம், அதாவது ஆட்டமே இல்லை என்று காட்டியதும் மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கி முடித்தார்.

எண்பதைத் தொட்டதும் அவள் சொன்னாள். "முன்னால வலது பக்கம். நடுங்குது."

ஸ்டியரிங்கில் அவருக்கும் லேசாக ஏதோ தட்டுப்பட்டது. அகல டயர், ரோடும் மோசம் என்று நினைத்துக்கொண்டார். மெஷின் காட்டிய பூஜ்யம் ஞாபகத்தில் இருந்தது. டாஷ்போர்டில் அவள் விரல்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"வண்டியா, கையா?" என்று கேட்டாள்.

கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. "கைதான்" என்றார்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து கடைக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாள் பிக்கப் திரும்பி வந்தது. வேகமெடுத்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்றார் டிரைவர். வீல்காரர் வலது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே வளையம் இல்லை. சக்கரம் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தார். அடி மூலையில் அது அப்படியே ஒட்டிக்கிடந்தது. மெஷினில் கூம்பு வைத்து இறுக்கும்போது சக்கரம் தானாக மையத்துக்கு வந்துவிடும்; அங்கே பூஜ்யம் காட்டாமல் என்ன செய்யும்? மெஷின் சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. இவர்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

வளையத்தைப் போட்டு வண்டியை அனுப்பிவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அவள் இடது கையால் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, அந்த வளையம் எங்கே என்றாள். வண்டியோடு போய்விட்டது என்றார். அவள் முகம் கனிந்தது. தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றே அவள் நினைக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. அவசரமாக டிரைவருக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தார். அக்கா சொன்னதுதான் சரி, வளையம் இல்லாமல்தான் உதறியது என்று அவரும் சொன்னார். அவள் மரியாதையாகச் சரிங்க என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பாவம், அவரையும் சொல்ல வச்சுட்டீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் சத்தியம் செய்தார். டம்ளருக்கும் டீக்கும் எத்தனை சத்தியம் செய்திருக்கிறார் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நாளைக்கு ஒரே ஒரு வண்டிக்கு வா என்று கெஞ்சினார்.

"வேண்டாங்க. அன்னிக்கு ஒரு நாள்தான் என்கிட்ட உண்மையைச் சொன்னீங்க. அதையும் இப்ப இல்லேன்னு ஆக்கிடாதீங்க."

வீல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்து நழுவி விழுந்த காய்களைப் பொறுக்கி உரிக்க ஆரம்பித்தார்.