தொப்பைக்கு மட்டும் மன்னிப்பு

வீராம்பட்டினம் தேருக்கு மறுநாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஜோவிதா வேலையை விட்டுக் கிளம்பினாள். கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் ஆறு வருடம் ரிசப்ஷனில் நின்றவள். வாசல் காவலாளி கன்னியப்பன் சல்யூட் வைத்து, "இனிமே யாரும்மா என்னைக் கலாய்ப்பா?" என்றார்.

"போன் பண்ணுண்ணே. ஓசியிலயே கலாய்க்கிறேன்."

குருசுக்குப்பத்தில் ஞாயிறுதோறும் பெத்தாங் ஆடுவார்கள். மண்ணில் சின்ன மரக்குண்டு ஒன்றை வீசிவிட்டு, அதை நெருங்கும்படி இரும்புக் குண்டுகளைப் போடுகிற பிரெஞ்சுக்காரர் ஆட்டம். எங்கள் ஊரில் வாயாட்டமும் சேர்த்தி. குண்டு போடுகிறவரின் நடை, வழுக்கை, மாமியார், எதையும் விடமாட்டார்கள். முடிந்ததும் தோற்றவர் எல்லாருக்கும் சோடா வாங்கித் தருவார். பேச்சு அதோடு சரி. ஜோவிதாவின் வாய்க்கு அங்கே தனி ரசிகர்கள். நான் மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினேன். இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்குகிறவர்களை எங்கும் பார்க்கவில்லை.

தேருக்கு முந்தைய ஞாயிறு, ஓட்டல் மேனேஜர் விஜயராகவன், தான் ஆடப் போவதற்காக ஜோவிதாவை டியூட்டியில் போட்டுவிட்டார். ரிசப்ஷனில் நின்றபடியே ஆட்டத்தை ஃபேஸ்புக் நேரலையில் பார்த்தாள். மேனேஜர் பதின்மூன்றுக்குப் பூஜ்ஜியம் என்று தோற்றார். மைதானத்தில் இருந்தால் எதைக் கத்தியிருப்பாளோ அதை வீடியோவுக்குக் கீழே எழுதினாள்: "குனிஞ்சா எங்க சாருக்குத் தொப்பைதான் தெரியுது. குண்டு எங்க விழும்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

நேரில் கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார். எழுதியதோ சோடாவோடு முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அது போன் போனாகப் பரவி, ஓட்டலில் தங்கியவர்கள்கூட அவர் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலை விஜயராகவன் அவளிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். இரண்டே வரி. முதலாவது மன்னிப்பு. இரண்டாவது, இனிமேல் தன் சொந்தப் பக்கத்தில் யாரைப் பற்றியும் எதுவும் எழுதுவதில்லை என்ற உறுதி. கையெழுத்துப் போட்டால்தான் வேலை.

"தொப்பைக்கு மன்னிப்பு கேக்கறேன் சார். உங்களுக்கு வலிச்சிருக்கும், தப்புதான்." அவர் கண்ணெதிரிலேயே அந்த வரிகளை ஃபேஸ்புக்கில் அழித்தாள். பிறகு கடிதத்தின் இரண்டாவது வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். "ஆனா வாய் என்னுது சார். அதை ஓட்டலுக்கு வாடகைக்கு விடல."

வேலை போயிற்று.

அம்மா சூசைமேரி தலையில் அடித்துக்கொண்டார். "வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியாடி?"

"சும்மா இருந்தா நான் உனக்குப் பொறந்தவளாம்மா?"

அழ வந்தவர் சிரித்துவிட்டார்.

இரண்டு மாதம் அலைந்து, உப்பளத்தில் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷன் வேலை பிடித்தாள். வருகிறவர்கள் வாயைத் திறந்து வைத்திருந்தாலும் பதில் பேச முடியாது என்பதில் அவளுக்குப் பரம திருப்தி. பெத்தாங் மைதானத்தில் ஆட்டத்தை வர்ணிக்கச் சொல்லி அவள் கையில் மைக்கே கொடுத்துவிட்டார்கள். விஜயராகவன் மட்டும் அந்தப் பக்கம் வரவேயில்லை. அவர் நிற்கிற இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் ஒரு நிமிடம் மைக்கைக் கீழே இறக்கிவிடுவாள்.

ஒன்றரை வருடம் கழித்து, போன வியாழக்கிழமை, அவள் போனுக்கு வந்தது இது:

"ஜோவிதா, ஞாயிறு ஆட வர்றேன். மைக்குல நீதானே? பதினோரு கிலோ குறைச்சிட்டேன், குனிஞ்சா குண்டு தெரியுது. வேற ஏதாவது யோசிச்சி வை. எழுதாத, நேர்ல சொல்லு. சோடா என் செலவு."